முகத்துவாரக்குப்பத்தில் வாங்கிய சம்மதம்

நான் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது சேகர் என்கிற பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் புரியாத கோப்பு வந்தால் எனக்குப் போன் வரும். போன மாதம் வந்தது.

"மேடம், நர்சிங் பிஎச்.டி. கையேட்டைப் புதுசா அச்சடிக்கிறோம். ஆய்வுல சேர்றவங்ககிட்ட சம்மதம் வாங்கறதைப் பத்தி உள்ளே ஒரு வாக்கியம் இருக்கு. அது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?"

"எடுக்காதீங்க."

"ஏன்னு சொன்னீங்கன்னா நோட் போட வசதியா இருக்கும்."

அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. வீட்டில் வேலையும் பெரிதாக இல்லை. எழுதியே விடுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பள்ளி முடித்ததும் தட்டச்சு படித்தேன், தேர்வு எழுதினேன், பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தேன். இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மூன்று பதவி உயர்வு. வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். தொண்ணூறுகளின் கடைசியில், நர்சிங்கில் பிஎச்.டி. செய்கிறவர்களுக்கென்று ராயபுரத்திலேயே ஒரு கிளை திறந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போகலாம் என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கிளைக்கு என்று இருந்த வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலகம். அதில் வெளிநாட்டுச் சஞ்சிகைகள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. சாவி நூலகரிடம். நூலகர் மதியத்துக்கு மேல் வேறு கல்லூரியில். ஒரு கம்ப்யூட்டர். அதற்குக் குளிரூட்டிய தனி அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் திறக்கும். கம்ப்யூட்டருக்கு வெல்வெட்டில் ஒரு உறை தைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் உட்கார இரும்பு ஸ்டூல்.

விதிகள் இதைவிட வசதியானவை. நர்சிங்கில் பிஎச்.டி. செய்ய, நர்சிங்கில் பிஎச்.டி. முடித்த ஒருவர் வழிகாட்ட வேண்டும். அப்படி முடித்தவர்கள் அன்றைக்கு அபூர்வம். ஆகவே வேறு துறை டாக்டர்கள் வழிகாட்டலாம் என்று ஒரு விலக்கு. அந்த டாக்டர்கள் காலை பதினொரு மணிக்குத்தான் கமிட்டிக்கு வருவார்கள். மாணவிகள் எல்லாரும் ஆஸ்பத்திரி நர்ஸ்கள். இரவு டூட்டி முடித்து நேரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். பெயர் கூப்பிடும்போது தட்டி எழுப்புவது என் வேலையில் சேர்க்கப்படாத ஒரு வேலை.

எங்கள் துணைப் பதிவாளர் பெயர் கோதண்டராமன். மெலிந்த மனிதர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. கோப்பை நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் ஒப்புக்கொள்ளத் தோன்றுமாம். படித்து முடித்து ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். நாம் போய் எதிரே நின்றால் அவர் பேசமாட்டார். நாம்தான் பேச வேண்டும். நாம் பேசி ஓய்ந்ததும், "விதி இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால், "அப்ப என்ன?" என்பார். இல்லை என்றால், "முன்னுதாரணம் இருக்கா?" என்பார். அதுவும் இல்லை என்றால் மின்விசிறியைப் பார்ப்பார். நாம் கோப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அவரைப் பற்றி ஆபீசில் யாரும் நல்லதாகப் பேசியதில்லை. அவர் லஞ்சம் வாங்கினார் என்றும் யாரும் பேசியதில்லை. எனக்கு அவரிடம் பயமும் எரிச்சலும் சம அளவில் இருந்தன.

இனி அமுதா. வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து வந்த பெண், அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். முதல் நாள் விண்ணப்பத்தோடு வந்தபோது, தலைப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் கைப்புண்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு.

அந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் வற்றும்போது அந்தப் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவு இறங்கி, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே நகர்வார்கள். அகப்படும் இறாலைப் போட, பறி என்று ஒரு பனையோலைப் பை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் அந்தப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். சேற்றுக்குள் சிப்பி ஓடு இருக்கும், கெளுத்தி முள் இருக்கும், உடைந்த பாட்டில் இருக்கும். விரல்கள் கிழியும். மறுநாள் அதே விரல்களோடு இறங்குவார்கள். புண் ஆறவே ஆறாது.

"இதுக்கு வார்டுலயே பண்ணலாமே, எதுக்கு எண்ணூர் வரைக்கும்?" என்று கேட்டேன்.

"வார்டுக்கு அவங்க விரலை எடுக்கறதுக்குத்தான் மேடம் வர்றாங்க. அதுக்கு முன்னாடி யாராவது போகணும்ல" என்றாள்.

போனாள். டூட்டி இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் முகத்துவாரக்குப்பத்துக்கு. கொதிக்கவைத்த தண்ணீர், சுத்தமான துணி, மருந்து, வேலைக்கு இறங்கும்போது விரலுக்குப் போடும் ரப்பர் உறை. அவளே கட்டுப் போட்டு, அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும், தந்தாள். சம்பளத்தில் பாதி பஞ்சுக்கும் பஸ்ஸுக்கும் போகிறது என்று அவள் அம்மா ஒருநாள் என்னிடம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். நான் என்ன செய்ய முடியும்? பஞ்சுக்கு விதி இல்லை.

சிக்கல் சம்மதப் படிவத்தில் வந்தது. ஆய்வில் சேரும் ஒவ்வொருவரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். 'ரேகை தெளிவாக இருத்தல் வேண்டும்' என்று விதி.

குப்பத்துப் பெண்கள் முதலில் வைக்கவே மாட்டோம் என்றார்களாம். முன்பு யாரோ ஏதோ கணக்கெடுப்பு என்று வந்து கைநாட்டு வாங்கிப் போனார்கள், அதன்பிறகு கரையில் போகிற வழி அடைபட்டுவிட்டது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அமுதா மாதக்கணக்கில் பேசி வைக்கச் செய்தாள். படிவக் கட்டை முழுசாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படிவத்தின் கீழும் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. ஒன்றில்கூட ரேகை இல்லை.

கோப்பு கோதண்டராமனிடம் போனது. 'ரேகைகள் தெளிவில்லை. மறுபடி பெற்றுச் சமர்ப்பிக்கவும்.'

அமுதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மேடம், அது புண்ணு. நான் கட்டுப் போட்ட விரல். ஒருவாட்டி கட்டை அவுத்து மை தடவினதுக்கே ரெண்டு பேருக்கு மறுபடி சீழ் வெச்சிடுச்சு. இன்னொரு வாட்டி தடவ மாட்டேன்."

"தடவலன்னா ஆய்வு செல்லாதும்மா."

"தெரியும்."

அவளுக்கு இருந்த கெடு அந்த வருஷ மழைக்காலத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, மறுபதிவு கிடையாது. ஐந்து வருஷச் செவ்வாய்க்கிழமைகள் அத்தனையும் வீண். எனக்கு அன்றைக்கு யார் மேல் கோபம் என்று தெரியாமல் கோபம் வந்தது. 'பேசவும்' என்று அவர் எழுதாமலே போய் அவர் முன்னால் நின்று பேசினேன். விரல் புண்ணாக இருக்கிறது, ரேகை தேய்ந்திருக்கிறது, எல்லாம் சொன்னேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் கோப்பை எடுக்காமல் நின்றேன்.

"நம்ம ஆபீஸ்லேருந்து போய்க் கள ஆய்வு பண்ண விதி இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். இதுவரைக்கும் யாரும் போனதில்லை."

"அப்ப என்ன? ஜீப்பைச் சொல்லுங்கம்மா."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோதண்டராமன், அமுதா, நான் மூன்று பேரும் போனோம். திருவொற்றியூர் தாண்டி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஜீப் ஊர்ந்தது. கோதண்டராமன் வழி முழுக்க விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு மைப் பெட்டி.

குப்பத்தில் பெண்கள் வேலைக்கு இறங்கும் முன் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தனம்மா. கோதண்டராமன் மைப் பெட்டியைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, கட்டுப் போடாத விரல் இருந்தால் வைக்கும்படி சொன்னார்.

"நீ மொதல்ல வெய்யி நைனா" என்றார் தனம்மா.

அவர் யோசித்தார். அதற்கு எதிராக விதி எதுவும் இல்லை. தன் பெருவிரலை வைத்தார். சுழிசுழியாக அழகாக விழுந்தது. அதன் பக்கத்தில் தனம்மா ஆறிப்போயிருந்த தன் விரலை வைத்தார். கறுப்பாக ஒரு வட்டம். கோதண்டராமன் தனம்மாவின் விரலைத் துடைத்துவிட்டு வெயிலில் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"ரேகை தெளிவில்லாம இல்லை. ரேகையே இல்லை" என்றார் என்னிடம். "குறிச்சுக்குங்க."

"இன்னா, சேறு எங்க ரேகைய விட்டு வெக்குமா? அத்தப் பாக்கவா ஜீப்பு போட்டுகினு வந்தே?" என்றார் தனம்மா.

அதற்குள் ஊர்த் தலைவர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு, "இதுக்கா பேஜாரு? எல்லாருக்கும் சேத்து நானே ஒரு கையெழுத்து போட்டுத் தர்றேன் சார். சீல் கீது, லெட்டர் பேடு கீது" என்றார்.

கோதண்டராமனின் முகம் தெளிந்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கையெழுத்து, முத்திரை, தலைப்புத் தாள். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண்ணின் படிப்பு பிழைத்தது என்று நினைத்தேன்.

"வேணாம் சார்" என்றாள் அமுதா.

நாங்கள் எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"அவுரு கையில புண்ணு இல்ல சார். புண்ணு இவங்க கையில கீது. இவங்கதான் சொல்லணும். இல்லன்னா எனுக்கு இந்தப் படிப்பே வாணாம்." ஆபீசில் மேடம், சார் என்று அளந்து பேசுகிற பெண், கோபத்தில் வியாசர்பாடியில் பேசினாள்.

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோதண்டராமன் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். மழைமேகம் கடல்பக்கம் கூடிக்கொண்டிருந்தது. எனக்கு அமுதாவை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

தனம்மாதான் பேசினார். "நாங்க சொல்றதுக்கு ஒரு வயி கீதே. எந்தப் பக்கம் எறங்கறது, யாரு எங்க தடவறதுன்னு பேசுவோம். ஒத்துகினவ அவ பறிய நடுவுல வெப்பா. ஒத்துக்காதவ எடுத்துகினு போய்கினே இருப்பா. ஏன்னு எவளும் கேக்கக் கூடாது."

"எந்தப் பறி யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் கோதண்டராமன்.

தனம்மா ஒரு பறியை எடுத்து விளிம்பைக் காட்டினார். ஓலையில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. "இது முனியம்மாது. முன்பல்லு ஒண்ணு இல்ல, பாரு." அடுத்ததை எடுத்தார். "இது என்துது." எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே சொன்னார்.

கோதண்டராமன் இரண்டு பறிகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். விதிப்புத்தகத்தை மூடினார். "படிவத்தை முழுசாப் படிம்மா. மொதல்ல இருந்து" என்றார் அமுதாவிடம்.

அமுதா படித்தாள். படிவத்தில் இருந்ததை அவர்கள் பேச்சில் சொன்னாள். எதற்காக இந்த ஆய்வு, என்ன செய்வாள், எதை எழுதிக்கொள்வாள், யார் பெயரும் வெளியே வராது. கடைசி வரி: "புடிக்கலன்னா எப்ப வேணா வெலகிக்கலாம். வெலகினாலும் கட்டுப் போடறது நிக்காது."

பறிகள் ஒவ்வொன்றாக நடுவில் வந்தன. சம்பூரணம் என்கிற பெண்ணும் வைத்தார். அமுதாவின் ஆய்வில் அவருடைய கைக்கு மட்டும் தனியாக ஒரு அத்தியாயம் உண்டு. அவ்வளவு மோசமான புண். எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரே சொன்ன விரல் அது, இப்போது தேறி வந்துகொண்டிருந்தது. வழிகாட்டியான டாக்டர் அந்த அத்தியாயத்தைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் வைத்து முடித்த பிறகு சம்பூரணம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு குனிந்து தன் பறியை எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டார்.

அமுதா தலையசைத்தாள். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"ஏம்மா எடுத்துட்டீங்க?" என்று கோதண்டராமன் குரல் கொடுத்தார்.

"ஏன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்றார் தனம்மா.

"சரி" என்றார் அவரும்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அமுதா சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திருவொற்றியூர் வந்ததும் கோதண்டராமன் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "ஃபிலோமினாம்மா, நம்ம ஆபீசுக்கு இத்தனை வருஷமா சம்மதப் படிவம் வருதே. அதுல யாராவது விலகினதா உண்டா?"

"ஒருத்தர்கூட இல்ல சார்."

"நானும் பார்த்ததில்லை. அப்ப நாம பார்த்த முதல் சம்மதம் இதுதான். ஒருத்தி எடுக்க முடிஞ்சுதுன்னா, மத்தவங்க வெச்சது வெச்சதுதான்" என்றார். பிறகு டிரைவரிடம் டீக்கடையில் நிறுத்தச் சொன்னார்.

அன்று மதியமே உட்கார்ந்து குறிப்பு எழுதினார். உட்கார்ந்து. எழுத்தில் தர இயலாதவர்கள் தங்கள் வழக்கப்படி, தனித்தனியாக, தடையின்றி விலக வாய்ப்புள்ள முறையில் தரும் ஒப்புதலை ஏற்கலாம் என்று முடித்திருந்தார். கமிட்டியில் இரண்டு டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "விலகினவர் ஒருவர் உண்டு" என்றார். தீர்மானம் நிறைவேறியது. சேகர் எடுத்துவிடலாமா என்று கேட்ட வாக்கியம் அதுதான்.

சம்பூரணத்தின் அத்தியாயத்தை அமுதா எடுத்துவிட வேண்டியிருந்தது. அவர் கையின் படங்களை என் முன்னாலேயே கிழித்தாள். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கணக்கு முழுவதையும் மறுபடி போட்டாள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தியாயம் போனதில் வழிகாட்டிக்கு அவள் மேல் வருத்தம். ஆய்வு மெலிந்துவிட்டது என்று எழுத்திலேயே சொன்னார்.

மறுவருஷம் பொது வாய்மொழித் தேர்வு. ராயபுரத்தில் எங்கள் கிளை மாடியில். பொது என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விதி. யாரும் வந்ததில்லை. அன்றைக்குத் தனம்மாவோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் எண்ணூரிலிருந்து ரயில் ஏறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பூரணமும் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாளுக்கு இங்கே என்ன வேலை என்றுதான் தோன்றியது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடுமையாகவே கேட்டார். விலகியவர் விலகியதால் ஆய்வுக்கு என்ன நஷ்டம் என்றார். "பெரிய நஷ்டம்தான் சார்" என்றாள் அமுதா. மழுப்பவில்லை.

கடைசியில் தேர்வுக்குழுத் தலைவர் வழக்கப்படி, "சபையிலிருந்து கேள்வி உண்டா?" என்று கேட்டார். அதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் சமோசா தட்டுகள் உள்ளே வர ஆரம்பித்துவிடும். சம்பூரணம் எழுந்தார்.

"நான் கேக்கலாமா?"

தலைவர் கோதண்டராமனைப் பார்த்தார். "கேக்கலாம், விதி இருக்கு" என்றார் அவர்.

"அன்னிக்கு நான்தான் பறிய எடுத்துகினு போனேன். எடுத்தாலும் கட்டுப் போடறது நிக்காதுன்னு இந்தப் பொண்ணு பேப்பர்ல படிச்சுது. எங்களாண்ட வந்து பேப்பர் படிச்சவங்க நெறைய பேரு. ஒண்ணும் நெசம் இல்ல. இது நெசமான்னு பாக்கத்தான் எடுத்தேன்."

சமோசா கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடுத்த செவ்வாக்கெயமையே வந்துச்சு. புண்ணு ஆறுற வரிக்கும் வந்துச்சு. ஏன் எடுத்தேன்னு ஒரு தபாகூடக் கேக்கல." அவர் தன் கையை விரித்துக் காட்டினார். விரல் அஞ்சும் இருந்தது. "இப்ப நான் பறிய வெச்சா சேத்துக்குவீங்களா?"

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். தலைவர் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தபடி, "ஆய்வு முடிஞ்சுபோச்சும்மா. இனிமே சேர்க்க முடியாது" என்றார்.

சம்பூரணம் அமுதாவைப் பார்த்தார். அத்தனை கேள்விக்கும் அசராமல் நின்ற பெண், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சேக்கலன்னா போவட்டும்" என்றார் சம்பூரணம். "கை ஆறினது ஆறினதுதானே." உட்கார்ந்துகொண்டார்.

கேள்விகளையும் பதில்களையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவது என் பொறுப்பு. கேள்வி கேட்டவர் சம்பூரணம், முகத்துவாரக்குப்பம் என்று எழுதினேன். தலைவர் சொன்ன பதிலை எழுதினேன். எனக்குத் தாள் சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அதற்குக் கீழே, யாரும் சொல்லாமலே, விலகியவரின் கை முழுவதும் ஆறிவிட்டது என்றும் எழுதினேன்.